முப்பதாயிரத்து முப்பத்தொன்று

போன வாரம் நாவலப்பிட்டி பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. நாலு எண்ணெய்ப் பெட்டிகள் கடந்து போயின. ஒவ்வொன்றின் நம்பரையும் வாய்க்குள் வகுத்துக்கொண்டிருந்தேன். மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, பக்கத்து சீட்டுக்காரி மரியாதையாக ஒதுங்கி உட்கார்ந்தாள். எனக்குக் கையெழுத்துப் போட வரும், அதோடு சரி. ஆனால் எண் என்றால் விடமாட்டேன்.

அக்கா சொல்லிக்கொடுத்தது. கோதுமை மாவு இறக்கிய கூட்ஸ் பெட்டிகளைச் சுத்தம் பண்ணும் வேலை அப்போது எங்கள் இருவருக்கும். தலைமுடியெல்லாம் மாவு வாசனை. எதனால் வகுத்தாலும் மீதி வருகிற நம்பரை அக்கா 'கல்லு' என்பாள். மற்றதெல்லாம் 'மண்ணாங்கட்டி', உடைந்துவிடும். மற்றவர்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் பெட்டி நம்பரைப் பார்ப்போம். கல்லு என்றால் இருந்த இடத்தில் இரு. மண்ணாங்கட்டி என்றால் புறப்படு.

அக்கா புருசனுக்கு இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போகக் கடுதாசி வந்தது, அவருக்கும் அக்காவுக்குமாக. என் பெயர் அதில் இல்லை. எனக்கு அக்காவை விட்டால் நாதியில்லை. "காலையில மொத பெட்டி என்ன சொல்லுதோ அதான்" என்றாள். வந்தது 30031.

பெட்டிக் கதவின் உட்பக்கம் சோக்குக்கட்டியால் வகுத்துப் போட்டோம். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. ஒவ்வொரு தடவையும் மீதி ஒன்று.

"என்னாடி இது, ஒத்தக் கால்ல நிக்குது!" என்று அக்கா சிரித்தாள். "இன்னும் பாக்கணும் புள்ள. ஒரு நம்பர அதாலயே பெருக்கி இதத் தாண்டுற வரைக்கும் பாக்கணும்."

"போதுங்க்கா. பதிமூணுக்கு மேல எவ பாப்பா? கல்லுதான்."

மாவுச் சாக்குத் துணியால் கணக்கை அழித்துவிட்டேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள்.

"பெரிய கணக்கப்புள்ள வந்துட்டா" என்றாள். புருசன் தனியாகப் போனார்.

அப்புறம் மாவு வராத காலம் வந்தது. வேலையும் நின்றது. மரவள்ளிக் கிழங்கு கிடைத்தால் அவிப்போம். இல்லாத நாளில் இலை. அக்கா தன் பங்கை என் பக்கம் தள்ளி, "பசிக்கலடி" என்பாள். கால் வீங்கிச் செத்துப்போனாள். அங்கே போயிருந்தால் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவும் வேண்டாம்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும், பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று. வயசான கண்ணுக்கு மூன்று நாள் பிடித்தது. ஐம்பத்தொன்பதில் மீதியில்லாமல் போயிற்று, ஐந்நூற்றொன்பது தடவை. திருப்பிப் பெருக்கியும் பார்த்தேன். மண்ணாங்கட்டிதான்.

நாங்கள் வேலை செய்த பக்கத் தண்டவாளம் இப்போது இல்லை. புல்தான். பெட்டியையும் இரும்புக்கு உடைத்திருப்பார்கள். பதின்மூன்றுக்குப் பிறகு பதினொரு கணக்குத்தான் மிச்சம் இருந்திருக்கிறது. பெட்டியை இழுத்துப்போக எஞ்சின் வருவதற்கு அன்று அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது.