மேல் வீட்டுச் சொட்டும் ஏலகிரிப் பெரணியும்

“…சொட்டுதுன்னு சண்டைக்கு வந்தது உன் ஊட்டுக்காரம்மா, சொட்டலன்னு வந்து நிக்கிறது நீ. நான் இன்னாதான் பண்றது தம்பி?” என்று மேல் வீட்டு பாய் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் வாசலில் நின்றேன். கேட்டதில் தப்பே இல்லை.

எல்லாம் ஒரு பெரணிச் செடியால் வந்தது. ஏலகிரி நர்சரியில் வாங்கி ஆம்பூருக்குக் கொண்டுவந்தேன். “பூக்காது, காய்க்காது, கொழம்புக்கும் ஆவாது. அதுக்கு ஒரு தொட்டி!” என்றாள் மனைவி. ஆனால், ஷூ கம்பெனியில் பகல் முழுக்கக் கறுப்புத் தோலில் கீறல் தேடிவிட்டு வருகிற கண்ணுக்கு அந்தப் பச்சை வேண்டியிருந்தது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. குடத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். அதை ஊற்றி ஏற்கெனவே ஒரு பெரணியைக் கருக்கியிருக்கிறேன். முதலில் இலை நுனி பழுப்பாகும், அப்புறம் கைபட்டால் நொறுங்கும். அதனால் இதை வீட்டுக்குப் பின்னால், பாய் வீட்டு ஏசி சொட்டுகிற இடத்தில் வைத்தேன். உப்பில்லாத தண்ணீர், மதில் நிழல், தொட்டிக்குள் தேங்காய் நாரும் செங்கல் தூளும். கத்திரி வெயிலிலும் குருத்து குருத்தாக விட்டது.

அந்தச் சொட்டு, கொடியில் காய்ந்த துணிமேலும் தெறித்தது. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் மனைவி மாடியைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள்: “துவைச்ச துணிய மறுபடி துவைக்கணுமா? ஒரே பேஜார்!” மறுநாளே பாய் பைப் போட்டு, தண்ணீரைத் தன் பால்கனியிலிருந்த கேனுக்குத் திருப்பிவிட்டார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சொட்டும் நின்றது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது ஒரு பார்வை, திரும்பியதும் ஒரு பார்வை, சாப்பிட்ட கையைக் கழுவாமலே ஒரு பார்வை. குடிக்கக் காசு கொடுத்து வாங்குகிற கேன் தண்ணீரை ஒரு டம்ளர் ஊற்றினேன். “அது நாம குடிக்கவா, செடி குடிக்கவா?” என்றாள் மனைவி. கேனைத் தொடுவதையும் விட்டேன். இலைகள் ஒவ்வொன்றாகக் கருகின. மிச்சமிருந்தது ஒரே குருத்து, குட்டி நத்தைபோலச் சுருண்டிருந்தது. அதுவும் விரியாமல் கறுத்தால் செடி போயிற்று. அதற்குத்தான் மாடி ஏறினேன்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் பாய் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கீழே வந்தார். மனைவி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“பேரணாம்பட்டுல தோல் பதப்படுத்தற ஷாப்புல நான் வேலை செய்யறப்போ சொல்வாங்க தம்பி: தோல் காஞ்சா நனைக்கலாம், தழை காஞ்சா பெருக்கத்தான் முடியும்.”

அவ்வளவு பதற்றத்திலும் அந்தச் சொலவடையை நாக்கில் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“செடிக்குன்னு சொல்லியிருந்தா கொடிய அந்தாண்ட மாத்திக் கட்டியிருப்பேன்,” என்றாள் மனைவி, கையிலிருந்த துண்டைப் பார்த்து. “இந்த ஊட்டுல யாரு வாயத் தொறக்கிறாங்க?”

பாய் படியேறிப் போனார். கேன் நிறைய ஏசி தண்ணீரோடு இறங்கி வந்தார். வாங்கிக்கொள்ள நான் நீட்டிய கையைத் தாண்டிப் போய், கேனை அவளிடம் நீட்டினார்.