வைக்கோலைத் துளைத்த அம்பு

விக்கிரமங்கலம் ஏரிக்கரையில் மூங்கில் வில் பழகியவரின் பெயரை நான் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு, இடது முன்கையில் நாண் உரசிய தழும்பு. ஒவ்வொரு அம்பையும் விரல்மேல் கிடத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகே எய்வார்.

“முன்னாடி கனம் இருந்தாத்தான் சார் அலையாம போவும், ஆழமாவும் எறங்கும்,” என்று அன்று கனத்த இரும்பு முனை மாட்டினார்.

இலக்காக நிறுத்தியிருந்த வைக்கோல் கட்டுக்குப் பின்னால், குறி தவறிய அம்பொன்றைத் தேடி நான் குனிந்திருந்தேன். கிளம்பிவிட்டேன் என்று நினைத்து அவர் எய்துவிட்டார். எப்போதும் கட்டுக்குள்ளேயே நின்றுவிடும் அம்பு, துளைத்துக்கொண்டு பாதி வெளியே வந்து என் கழுத்தருகே நின்றது.

என் அலறல் கேட்டு ஓடிவந்தார். “பட்டுடுச்சா சார்? சொல்லுங்க சார், பட்டுடுச்சா?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் கழுத்தைத் தடவித் தடவி, விரலில் ரத்தம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெளிறிப்போன அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் நானும் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.