கேமரா மேல் போட்ட பழி

வலது கையை ஈரம் உதறுவதுபோல் உதறிக்கொண்டே, கழுத்தில் கேமரா தொங்க, அக்கா மேடைப் படியில் ஏறுகிறார். ஏறி முடிப்பதற்குள் சோபாவின் கிழிந்த ஓரம், பின்னால் சாய்ந்து நிற்கும் பூ அலங்காரம், மாப்பிள்ளையின் தோளில் ஒட்டியிருக்கும் வெள்ளை நூல் எல்லாம் கண்ணில் பட்டாகிவிட்டது. நூலை எடுத்துப் போடுகிறார். "தம்பி, மூச்சை விடுங்க. உங்களை யாரும் கைது பண்ண வரலை" என்கிறார். மாப்பிள்ளை சிரித்துவிடுகிறார். சிரிக்கும்போது ஒரு படம், சிரிப்பு அடங்கும்போது ஒரு படம். ஆல்பத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

"சிரிக்கச் சொன்னா எல்லாரும் பல்லைத்தான் காட்டுவாங்க. சிரிச்சு முடிச்ச முகம்தான் அவங்க முகம்" என்பது அக்காவின் கொள்கை. இதைப் பெண் வீட்டாரிடம் சொல்வதில்லை. அவர்களுக்குப் பல்லும் வேண்டும்.

ஐம்பதை நெருங்கும் வயது. கல்யாண மண்டபங்களில் அவர் எல்லாருக்கும் அக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். கூடவே வீடியோ எடுக்கிற கணவருக்கு அந்த உறவுமுறைகூடக் கிடையாது. "வீடியோ, கொஞ்சம் தள்ளுங்க" என்பதோடு சரி. அவரும் தள்ளிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து தள்ளிக்கொண்டேதான் இருக்கிறார் என்று அக்கா கேலி செய்வதுண்டு. அதற்கு முதல் ஆளாகச் சிரிப்பவரும் அவர்தான்.

அக்காவின் உடுப்பு உடம்பு முழுக்கப் பாக்கெட் வைத்த ஒரு கையில்லாக் கோட்டு. ஒன்றில் பேட்டரி, ஒன்றில் மெமரி கார்டு, ஒன்றில் கல்யாணப் பெண்களுக்கு அவசரத்துக்கு உதவும் ஊக்குகள், ஒன்றில் வறண்ட தொண்டைக்குப் புதினா மிட்டாய். எந்தப் பாக்கெட்டில் எது என்று அக்காவைக் கேட்டால் தெரியாது. கையைக் கேட்டால் தெரியும். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, நாற்காலிகளை அடுக்குகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். திரும்பும்போது கார் முதல் திருப்பம் திரும்புவதற்குள் தூங்கிவிடுவார். யார் கல்யாணத்திலும் அவர் படத்தில் இருந்ததில்லை. சொந்த மகளின் கல்யாணத்தையும் அவரே எடுத்ததால் அந்த ஆல்பத்திலும் அம்மா இல்லை. "அதான் எல்லாப் படத்துலயும் அம்மாவைப் பார்த்துத்தானே சிரிக்கிறா" என்று ஒரு சமாதானம் வைத்திருக்கிறார். அதைக் கேட்கிறவர்களுக்கு அது சமாதானமாகப் படுவதில்லை.

அந்த வலது கைதான் இப்போது பிரச்சினை. முதலில் கட்டைவிரல் மரத்தது, பிறகு ஆள்காட்டி விரல். காலையில் எழுந்தால் இரண்டும் வேறு யாருடைய விரல்களோ என்பதுபோலக் கிடக்கும். உதறினால், தேய்த்தால், வெந்நீரில் வைத்தால் பாதி உயிர் வரும். இத்தனை வருடமாக ஒரே கனத்தை ஒரே கோணத்தில் தூக்கிப் பிடித்த கை, வேறு எப்படி இருக்கும்? ஆல்பம் அச்சடிக்கும் இடத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அக்கா தனியாக டாக்டரைப் பார்த்தார். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, சின்ன ஆபரேஷன் செய்யலாம், ஆனால் போன உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று எழுதிக்கொடுக்க முடியாது என்றார் டாக்டர்.

"முதல்ல அந்தக் கேமராவைக் கீழ வைங்கம்மா."

"வச்சிட்டு எதைத் தூக்குறது டாக்டர்?"

டாக்டர் இதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அக்கா வெளியே வந்து, மருந்துக்கடைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, நிஜமாகவே ஆல்பம் அச்சடிக்கும் இடத்துக்குப் போய் வந்தார். பொய்யிலும் பாதியாவது உண்மை இருக்கட்டும் என்று.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனிதர் அன்றைக்கே தொழிலை மூட்டை கட்டிவிட்டு, அடுப்பு வேலையிலிருந்து துணி துவைப்பதுவரை தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, இவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். அக்காவின் பயமே அந்த நாற்காலிதான். உலகத்தில் வேறு எங்கேயும் அவர் பேச்சுக்கு அப்படியொன்றும் மதிப்பில்லை. மேடையில் மட்டும், "ஐயா, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்றால் எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரும் இறக்குவார். "பக்கத்துல நெருங்கி நில்லுங்க" என்றால் ஒரு வருடமாகப் பேசிக்கொள்ளாத ஓரகத்திகள்கூடத் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். அந்த இடத்தை விட்டு இறங்க அவருக்கு மனசில்லை. அலுப்பு இல்லாமல் இல்லை, எலும்புவரை அலுப்பு. அலுத்துப்போனாலும் விடமுடியாத ஒன்றாக அந்த வேலை அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேமரா பழசு. முனைகளில் பெயின்ட் போய் உள்ளே இருக்கும் உலோகம் தெரிகிறது. ஆனால் வேலையில் குறை சொல்லமுடியாது. குறை சொன்னது அக்காதான். அதுவும் ஒரு கல்யாண வரவேற்பில் நடந்த விஷயத்துக்குப் பிறகு.

கல்யாணப் பெண்ணின் அண்ணன், வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர், யாரும் எதிர்பார்க்காதபோது மேடை ஏறினார். பெண் எழுந்து நின்றாள். அண்ணன் கையை விரித்தார். தங்கை போய் அவர் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். அக்கா சரியான இடத்தில், சரியான வெளிச்சத்தில் நின்று அழுத்தினார். அழுத்தியதாகத்தான் அவருக்குப் பட்டது. மண்டபம் முழுக்க ஒரே ஆரவாரம். ஷட்டர் சத்தம் கேட்டதா இல்லையா என்று யார் கவனித்தார்கள்? வீடியோக்காரரான கணவர் அந்த நேரம் பார்த்து சாப்பாட்டு அறையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

படம் தேர்ந்தெடுக்க வந்த பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். அண்ணன் படியேறுகிறார். அண்ணன் படியிறங்குகிறார். நடுவில் ஒன்றுமில்லை.

"அக்கா, அண்ணன் என்னைக் கட்டிப் பிடிச்சாரே, அது எங்க?"

அக்காவின் வாய் முந்திக்கொண்டது. "ஷட்டர் ஒட்டிக்கிச்சும்மா. கேமரா பழசாயிடுச்சு."

அந்தப் பெண் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்லக்கா, நான் மனசுல வச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் வெளியே போனதும் கேமராவை மேஜைமேல் வைத்து இடது கை விரலால் அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கிளிக். வலது கையால் அழுத்தினார். சில தடவை கிளிக், சில தடவை மௌனம். குனிந்து பார்த்தால் விரல் பட்டன்மேல் சும்மா படுத்திருந்தது. அழுத்துகிற நினைப்பு அவருக்கு, அழுத்தாத விரல் கேமராவுக்கு. வாயில்லாத பொருளின் மேல் பழியைப் போட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. கேமராவைத் துணியால் துடைத்து, வழக்கத்தைவிடப் பதமாகப் பையில் வைத்தார்.

ஆனால் பழி கிளம்பிவிட்டது. "ஷட்டர் ஒட்டுது" என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து வீடியோக்காரர் புதுக் கேமரா பைத்தியமாகிவிட்டார். எதையும் ஒரு வார்த்தையில் முடிக்கிற மனிதர், ஃபுல் ஃப்ரேம் என்றால் மட்டும் மூச்சுவிடாமல் பேசினார். உள்ளே படத்தைப் பிடிக்கிற சில்லு பெரிசு, அந்தக் காலத்துப் பிலிம் அளவுக்கு இருக்கும், மங்கலான மண்டபத்திலும் படத்தில் புள்ளி விழாது, ஆளின் கண்ணை அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். இப்படிப் போனது பேச்சு. பல் தேய்க்கும்போதும் அதுதான் பேச்சு.

"இப்பல்லாம் போன்ல கேக்குறப்பவே ஃபுல் ஃப்ரேமான்னுதான் கேக்குறாங்கம்மா."

"ஃபுல்லா இருந்தா என்ன, அரையா இருந்தா என்ன, ஆளு உள்ள வந்தா போதாதா?"

"ஆளு வந்துச்சே. படம் வரலையே."

இதற்கு அக்காவிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. பழைய லென்ஸ்கள் அந்தக் கேமராவுக்குச் சரிப்படாது, படத்தின் ஓரமெல்லாம் கறுப்படிக்கும் என்றார் அக்கா. புதுசா வாங்கிக்கலாம் என்றார் அவர். அது கனமாச்சே என்றார் அக்கா. "பை தூக்கறது நான்தானே" என்றார் அவர். கஞ்சத்தனம் பண்ணுகிறாள் என்று மகளிடம் போனில் புகார்வேறு. அக்கா கஞ்சமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டார்.

உள்ளுக்குள் நடந்த கணக்கு வேறு. பழைய கேமரா இருக்கும்வரை, தவறிய படத்துக்கெல்லாம் அது பொறுப்பு. புதுசு வந்துவிட்டால் சாக்கு போய்விடும். பளபளவென்று புதுக் கேமரா கையில் இருக்க, இன்னொரு கல்யாணப் பெண் வந்து "அது எங்கக்கா?" என்று கேட்டால் எதன்மேல் கையைக் காட்டுவது? வாங்காமலேயே இருந்தாலோ, இன்னும் எத்தனை பேருடைய அண்ணன்களைத் தவறவிடுவது? எந்தப் பக்கம் யோசித்தாலும் கடைசியில் அந்த நாற்காலியில்தான் வந்து நின்றது. வரவர யோசிப்பதே ஒரு கனமாகிவிட்டது அவருக்கு.

கடைசியில் கடைக்குப் போகச் சம்மதித்ததற்குக் காரணம் கேமராக் கடைக்காரர் போனில் சொன்ன ஒரு வார்த்தை. "பட்டன் பூ மாதிரி இருக்கும் மேடம். விரலைக் காட்டினாலே போதும்." அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு மென்மை என்றால் ஒருவேளை இந்த விரலுக்கும் போதுமோ என்னவோ. அசட்டு நம்பிக்கைதான். ஆனால் அன்று காலை கையை இரண்டு தடவை வெந்நீரில் வைத்து, பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினார்.

கடையில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து கேமராவைக் குழந்தையை எடுப்பதுபோல் எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். "பாடி ரொம்ப லைட்டு மேடம், பாருங்க."

"பாடி லைட்டுதான். முன்னால லென்ஸ் தொங்குதே, அதை யாரு தூக்குறது?" என்றார் அக்கா. கடைக்காரரும் வீடியோக்காரரும் சேர்ந்து சிரித்தார்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டுமே. வீடியோக்காரர் போய்ச் சுவரோரம் நின்றார். வாழ்நாளெல்லாம் கேமராவுக்குப் பின்னால் நின்ற மனிதருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார், கடைசியில் பாக்கெட்டில் போட்டார்.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்க."

இறக்கினார். கேமரா தானாகவே அவர் கண்ணைத் தேடிப் பிடித்தது. அவ்வளவு துல்லியமாக அந்த முகத்தை அக்கா எத்தனை காலமாகப் பார்க்கவில்லையோ. கண்ணுக்குக் கீழே பைகள் விழுந்திருந்தன. காதோரம் சவரத்தில் தப்பிய நரைமுடி. இந்த மனுஷன் எப்போது இப்படி ஆனார்? முகம் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, சரியான நேரத்தில் அழுத்தினார்.

"ஆச்சு" என்று கேமராவை இறக்கினார். முகத்தில் நிம்மதி. "சத்தமே இல்லையே, நல்லாருக்குங்க. சைலண்ட்டா இது?"

கடைக்காரர் எட்டித் திரையைப் பார்த்தார். "சத்தம் வருமே மேடம். நீங்க இன்னும் அழுத்தவே இல்லை."

"அழுத்தினேனே."

"இல்லையே. வேணும்னா இன்னொரு தடவை பாருங்க."

அக்கா மறுபடி தூக்கினார், மறுபடி அழுத்தினார். விரல் பட்டனுக்குப் பக்கத்தில், கேமராவின் வெறும் உடம்பின்மேல் உட்கார்ந்துகொண்டு, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. அது அக்காவுக்குத் தெரியவில்லை. எதிரே நின்ற வீடியோக்காரருக்குத் தெரிந்தது.

அவர் முகத்திலிருந்த புன்னகை படத்துக்காக வைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பாக்கெட்டிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டு நடந்து வந்து, கேமராவை மெல்ல வாங்கிக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினார்.

"பட்டன் ஒட்டுதுங்க இதுல" என்றார்.

"சார், நேத்துதான் சார் பெட்டியைப் பிரிச்சேன்!"

"புதுசுலயும் ஒட்டும். வேணாம், எடுத்து உள்ள வைங்க."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கேமராவைத் தூக்கிக் கூரையைப் பார்த்து அழுத்தினார். கிளிக். மின்விசிறியைப் பார்த்து அழுத்தினார். கிளிக். "எங்க சார் ஒட்டுது? நீங்களே சொல்லுங்க!"

வீடியோக்காரர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அக்காவின் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலின் நுனியை நகத்தால் ஒரு தடவை கிள்ளிவிட்டு, வலிக்கிறதா என்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.