தோமியின் பொந்து

சிலருக்கு மூக்கு நுனியில் கோபம் இருக்கும். தோமிக்கு அங்கே அருவருப்பு குடியிருந்தது. சுற்றுலாக்காரன் செருப்போடு படி ஏறினால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுக்காரி மிட்சு மூக்கைச் சிந்திய கையோடு வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அறுபத்தோரு வயதில் அவளுக்குப் பிடித்த முகம் என்று அந்தத் தீவில் ஒன்றுகூட மிச்சமில்லை என்பார்கள். இதெல்லாம் பழக்கதோஷம். முகம் சுளிக்க நிஜமான காரணம் கிடைத்தது, கொழுந்தன் செய்கி ஒசாகாவிலிருந்து திரும்பி வந்த பிறகுதான்.

பறவை, வண்ணத்துப்பூச்சி, பவளப்பார் மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாகப் பலகை மாட்டித் தொழில் தொடங்கினான் செய்கி. புருஷன் போன பிறகு வீடு செய்கியின் பேரில் இருந்ததால், வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஆக்கிப் போடும் வேலை தோமியின் தலையில் விழுந்தது. அவன் தொழில் நடத்திய அழகைப் பார்க்க வேண்டுமே. சாலையில் நசுங்கிக் கிடக்கும் தவளைகளைப் பொறுக்கி வயலோரக் கம்பத்தில் வைப்பான். பாம்புக் கழுகு வேட்டையை மறந்துவிட்டு, வேன் சத்தம் கேட்டதும் பென்ஷன் வாங்க வந்த கிழவர் மாதிரி கம்பத்தில் வந்து உட்காரும். கூட்டம் ஆகா என்னும். தோமி பாத்திரத்தை ஓங்கி வைப்பாள்.

ஒருநாள் டோஃபு எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள், பக்கத்தில் இருந்த சாப்பாட்டு டப்பாவையும் திறந்துவிட்டாள். உள்ளே ஈரத்துணியில் பன்னிரண்டு வண்ணத்துப்பூச்சிகள். கிழித்துப் பறக்கவிட்ட காகிதம் போல மெதுவாக மிதக்குமே, வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்டது, அதேதான். இறக்கையை மடக்கி வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் கால் இன்னும் லேசாக இழுத்துக்கொண்டிருந்தது.

“என்ன எழவு இது?”

“சாகல அண்ணி, தூங்குது. குளிர்ல வச்சாத்தான் விரல்ல அசையாம உக்காரும். போட்டோ எடுக்க வேணாமா?”

“நான் செத்தா என்னையும் டோஃபு பக்கத்துல படுக்க வச்சு எடு.”

அந்த டோஃபுவை அவள் தொடவில்லை. விருந்தாளிகள் தின்றார்கள்.

அந்த வீட்டில் ஒரு கரண்டிகூடத் தோமிக்குச் சொந்தமில்லை. அவளுக்கென்று இருந்தது கடலுக்குள் இருந்தது. பவளப்பாரில் எட்டுக் கைப் பேய்க்கணவாய் வந்து தங்கும் ஒரு பொந்து, மாமியார் சாகும்போது அவள் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனது. நீர் வற்றிய நேரத்தில் போய், பொந்தின் விளிம்பு உடையாமல் கொக்கிக் கம்பியை விட்டு மெல்லச் சீண்டினால் கணவாய் தானாகக் கம்பியைக் கட்டிக்கொண்டு வரும். அதை எடுத்தால் சில நாளில் இன்னொன்று வந்து குடியேறும். விளிம்பு உடைந்தால் எதுவும் வராது. மூதாதையர் மாடத்துக்கு அவள் படைத்ததெல்லாம் அந்தப் பொந்து கொடுத்ததுதான். ஒருத்தியின் பொந்து எங்கே என்று இன்னொருத்தி கேட்பது அந்த ஊரில் வழக்கமில்லை. ஆனாலும் தோமி யாரையும் நம்பவில்லை. முக்கியமாக மிட்சுவின் திருட்டு முழியை நம்பவில்லை. சுற்றிச் சுற்றி நடந்து, வெறும் பாறையில் நாலு இடம் குனிந்து நிமிர்ந்து, ஐந்தாவதாகத்தான் அங்கே போவாள்.

மூன்றாம் மாதத்து மூன்றாம் நாள் வந்தது. கடல் வெகுதூரம் வற்றும். பெண்கள் மட்டும் பவளப்பாரில் இறங்கும் நாள். ஆண்கள் கரையோடு சரி. விருந்தாளிப் பெண்கள் ஆறு பேரை அழைத்துப் போகச் சொல்லிக் கெஞ்சினான் செய்கி. மாசிப்பத்திரி அரைத்த பச்சை மோச்சி அரிசி உருண்டைகளைக் கட்டிக்கொண்டு தோமி வேண்டாவெறுப்பாகக் கிளம்பினாள்.

அவர்கள் கல்லைப் புரட்டினார்கள், அடியில் இருந்த நண்டைப் பார்த்துக் கூவினார்கள், கல்லை மல்லாக்கப் போட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போனார்கள். கல்லடியில் ஒட்டி வாழ்வதெல்லாம் வெயிலில் காய்ந்து சாகுமே என்று தோமி திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். அதுவும் சடங்கு என்று நினைத்து இரண்டு பேர் அவளைக் கும்பிட்டார்கள். ஒருத்தி நீல நட்சத்திர மீனைத் தலையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி, “இங்க என்ன இருக்கு? எங்க ஊர்க் கண்ணாடித் தொட்டியில இதவிட நெறைய இருக்கு” என்றாள்.

அந்த வார்த்தைதான் தோமியைக் கவிழ்த்தது. விறுவிறுவென்று நேராகப் பொந்துக்குப் போனாள். கம்பியை விட்டாள். ஒரே சீண்டலில் கணவாய் பாதி உடம்பை வெளியே நீட்டி, பழுப்பிலிருந்து சிவப்புக்கு மாறியது. ஆறு பேரும் வாயடைத்து நின்றார்கள். தோமி கம்பியைத் தளர்த்தி அதை உள்ளே போகவிட்டாள். மனசு நிறைந்துபோயிற்று. திரும்பியபோதுதான் கரைச் சுவர்மேல் செய்கி பறவை பார்க்கிற பைனாகுலரோடு நிற்பதைக் கண்டாள். கழுகு தேடுகிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் அவன் வேறொரு கூட்டத்தோடு கடலுக்குப் போய்விட்டு ஒரு பேய்க்கணவாயோடு வந்தான். கூட்டாளி கொடுத்தான் என்றான். தோமி அதை வேகவைத்து அரிந்து பரிமாறினாள். உப்பு பார்க்க ஒரு துண்டு வாயில் போட்டாள். ஏதோ மருந்துக் கசப்பு.

அதற்கடுத்த நாள் பவளப்பாருக்குப் போனாள். பொந்தின் விளிம்பு கடப்பாரையால் பெயர்ந்து கிடந்தது. கக்கூஸ் கழுவும் பிளீச்சிங் நெடி கடல் காற்றிலும் போகவில்லை. சுற்றிலும் பொடி மீன்களும் சோழிகளும் வெளுத்துச் செத்துக் கிடந்தன. முந்தின நாள் வாயில் போட்ட துண்டு எதுவென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து கேட்டபோது செய்கி மழுப்பக்கூட இல்லை. “கூட்டம் காத்துக்கிட்டிருக்கு, அது வெளிய வரல. கொஞ்சமா ஊத்துனேன். எனக்கு எப்படித் தெரியும் அந்த எடம்? நீங்கதான காட்டுனீங்க?”

கால் போன போக்கில் வெளியே வந்த தோமி மிட்சுவின் வேலியில் போய் நின்றாள். மிட்சு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“என் பொந்து போயிருச்சு” என்றாள் தோமி. பொந்து இருந்தது என்று யாரிடமும் அவள் சொன்னதே இல்லை.

“நேத்தே பாத்தேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

மிட்சு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “முப்பது வருசமாத் தெரியும். இங்க எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். நீ அந்தப் பக்கம் போனா நாங்க மூஞ்சியத் திருப்பிக்குவோம். நாலு எடத்துல சும்மா குனிஞ்சு எந்திரிப்பியே, பாக்கப் பாவமா இருக்கும். உன்னுது, நாங்க எதுக்குத் தொடணும்?”

முப்பது வருஷம் இவர்களைப் பார்த்துத்தான் அவள் மூக்கைச் சுளித்திருந்தாள். அந்தப் பொந்தை இத்தனை நாள் காத்தது இவர்கள். காட்டிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். தோமி வேலியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. மிட்சு வந்து அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.