வலது கையால் மட்டும்

அம்மா விழுந்து இரண்டு வருடமாகியிருந்தது. பக்கவாதம் பேச்சையும் கைகாலையும் ஒருசேரக் கொண்டுபோய்விட்டது. கண் திறந்திருக்கும், ஆனால் யாரையும் தொடராது. அவளுக்கு நினைவு இருக்கிறதா என்பதுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஓயாத பேச்சு. இருக்கிறது என்று நான் சண்டை போடுவேன். அண்ணன் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருப்பான்.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வுக்குழு பதுளைக்கு வந்தது. தலையில் வயர் வைத்த தொப்பியை மாட்டி, மூளையில் ஓடும் மின்சாரத்தை அளப்பார்களாம். பேச முடியாதவர்கள் நினைப்பாலேயே ஆமாம், இல்லை சொல்லப் பழகலாமாம். பசறையிலிருந்து வேன் பிடித்து அம்மாவைத் தூக்கிப்போனோம். வலிக்கிறதா என்று ஒரு கேள்வியாவது அவளைக் கேட்டுவிட வேண்டும், எனக்கு அது போதும்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி. வலது கையை அசைப்பதாக நினைத்தால் மூளையின் இடப்பக்கத்து மின்சாரம் மாறும், இடது கை என்றால் வலப்பக்கம். அந்த வித்தியாசத்தைத்தான் மிஷின் தேடும், கிடைத்தால் மணி அடிக்கும் என்றார். "வலது கையாலை ஒரு பந்தை அமத்துற மாதிரி நினைக்கச் சொல்லுங்கோ. வீட்டு ஆக்களின்ரை குரலிலை சொன்னால்தான் நல்லது."

அம்மா ஜென்மத்தில் பந்தைத் தொட்டவளில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து தேயிலைதான். நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், தெரிந்ததை வைத்துத்தான் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பேன். அவள் காதருகே குனிந்து, "அம்மா, வலது கையால கொழுந்து எடுக்கிற மாதிரி நெனச்சுக்க" என்றேன். இடது கைக்கும் அதையே சொன்னேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே பெருமை.

மூன்று நாள் சொன்னேன். மணி அடிக்கவேயில்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் வருது. அவவுக்கு விளங்கிற மாதிரித் தெரியேல்லை, பிள்ளை" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் பேசவில்லை. நானும்தான். கஞ்சி ஊற்றுவோம், துடைப்போம், புரட்டிப் படுக்க வைப்போம். குழியை எங்கே வெட்டுவது, யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து பேசினோம்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலை, ரோட்டில் மண் சரிந்து நான் பள்ளிக்கூடம் போகிற பஸ் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் ஒரே செடியில், ஒரே வேகத்தில். ஒற்றைக் கையால் யார் கொழுந்து எடுப்பார்கள்? எந்தக் கையைச் சொன்னாலும் அம்மா இரண்டு கையையும்தான் நினைத்திருப்பாள், மிஷினில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தது அதனால்தானோ? மகள் கொழுந்துக் கூடையைத் தொடவே கூடாது என்று என்னைப் படிக்க வைத்தவள் அவள். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி, எனக்கு உறைக்கவேயில்லை.

டாக்டருக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். "அப்பிடியும் இருக்கலாம்" என்றார். ஆய்வு முடிந்து மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தப்பா சொல்லிக் குடுத்துட்டேம்மா. நாங்க பேசுனதெல்லாம் ஒனக்குக் கேட்டுச்சா?" என்றேன். அவள் கண் கூரைத் தகரத்திலேயே இருந்தது. பதில் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே வழியை நானே அடைத்திருந்தேன்.