போட்டிக்குத் தைத்த பாய்

எங்கள் வீட்டுத் தையல் மெஷின் என் பொறுப்பில் இருந்தது. கன்னியர் பள்ளியில் மாசேர்கள் என்று நாங்கள் கூப்பிடும் கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்த தையலை வைத்து, தெருப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக்கொண்டிருந்தேன். அத்தா ஜவுளிக்கடைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் அந்த மெஷினோடுதான் பேச்சு.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அந்தக் கோடையில் கடலூரிலிருந்து புதுச்சேரி வரை கட்டுமரப் போட்டி வைத்தார்கள். மோட்டார் கூடாது, பாயும் துடுப்பும்தான். குருசுக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா, ஒரு நாள் கூடையை இறக்கியதும் மீன் பேச்சே எடுக்கவில்லை.

"பாப்பா, உன் மெஷினு தடிச்ச துணி தைக்குமா?"

அவள் புருஷனும் கொழுந்தனும் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார்கள். அதற்குள் மடித்து வைத்திருந்த பாயை எலி குதறிவிட்டது.

"கையால தெச்சா போட்டி முடிஞ்சப்புறந்தான் பாய் கெடைக்கும். பாய் வூட்டுலதான் பாய் தைக்கணும்னு இருக்கு போல" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

"நான் ஜாக்கெட்டு தைக்கிறவக்கா. நடுக்கடல்ல பிரிஞ்சிட்டா?"

"அதெல்லாம் பிரியாது."

மறுநாள் அவள் புருஷன் காடாத் துணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பழைய பாயை எங்கள் முற்றத்தில் விரித்து, துணியோடு துணி எங்கே ஏறிப் படிய வேண்டும் என்று விரலால் காட்டினார். "ரெண்டு வரி ஓட்டு, போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. அதன்மேல் இன்னும் இரண்டு வரி ஓட்டினேன். ஊசிகள் உடைந்தன. தைத்த இடத்தைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அத்தா பார்த்துவிட்டு, "துணியும் கெட்டி, நூலும் கெட்டி. நீ ஏம்மா இப்படி வெளுத்துப்போற?" என்றார். அண்ணன் தம்பி இருவரும் பாயை மரப்பட்டைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து எடுத்துக்கொண்டு கடலூர் போனார்கள்.

போட்டியன்று காலையில் காற்று அடக்கமாகத்தான் இருந்தது. உச்சிப்பொழுது தாண்டியதும் தெற்கேயிருந்து பிய்த்துக்கொண்டு அடித்தது. கொடியில் காய்ந்த துணிகள் படபடக்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. அத்தாவை நச்சரித்துக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன்.

கடலுக்குள் நீண்டிருந்து இடிந்துபோன பழைய கப்பல் பாலத்தின் இரும்புத் தூண்களுக்கு நேராகக் கூட்டம் நெரிந்தது. அக்கா கைப்பிடிச் சுவரோரம் வெற்றிலை மென்றபடி நின்றிருந்தாள். முதல் பாய் தெரிந்ததும் கூட்டம் கத்தியது.

"நம்மளுது இல்ல. நம்மளுது வெளிர் செவப்பு" என்றாள்.

அடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. கரையேறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் அக்கா போய் விசாரித்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அரியாங்குப்பம் முகத்துவாரம் வரைக்கும் அவங்கதான் முன்னாடி" என்றார் அவர். "திடீர்னு ஒரு காத்து தூக்கி அடிச்சிது பாரு, நாங்களே கவுந்திருப்போம். அலை எறங்கனப்புறம் பாத்தா அவங்க பாயைக் காணல."

அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். நான் தைத்த வரிகள் ஒவ்வொன்றாகப் பிரிவது போலக் கண்ணுக்குள் ஓடியது.

"என் தையல்தான்க்கா விட்டிருக்கும்."

"வாய மூடு பாப்பா!"

அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பவும் இல்லை. குப்பத்து ஆட்கள் இரண்டு கட்டுமரங்களை அலைக்குள் தள்ளிக்கொண்டு தெற்கே போனார்கள். பரிசு கொடுத்து முடித்தார்கள். கூட்டம் கலைந்தது. "வீட்டுக்குப் போவோம்மா" என்று அத்தா கூப்பிட்டார். என் கால் நகரவில்லை. அவரும் மணலில் உட்கார்ந்துவிட்டார். கலங்கரை விளக்கின் நிழல் நீண்டு தண்ணீரைத் தொடுகிற நேரம், கட்டுமரங்கள் கண்ணில் பட்டன. ஒன்றை இன்னொன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. தலைகளை எண்ணினேன். அக்காவின் புருஷன் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தார். கொழுந்தன் ஒரு கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தான். பாய் சுருட்டிக் கிடந்தது.

கரையேறியதும் அக்காவின் புருஷன் என்னைப் பார்த்துவிட்டார்.

"தையலுக்கு ஒண்ணும் ஆவல. பாய் கட்டுன கழிதான் ரெண்டா ஒடிஞ்சிது."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் முடிக்கவில்லை.

"பழைய பாயா இருந்தா, அந்தக் காத்துக்குக் கிழிஞ்சி வுட்டுருக்கும். இது வுடல. கழி ஒடிஞ்சி தம்பி தோள்ல வுழுந்துது."

குறை சொல்கிற குரலே இல்லை. அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று சொல்வது போலச் சொன்னார்.

அக்கா சில நாள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. கொழுந்தனுக்குக் கட்டு போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் காதில் விழுந்தது. மெஷினின் உறையையே நான் எடுக்கவில்லை. அவள் வந்த அன்று கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

"என் மேல கோவமாக்கா?"

"உன் மேல இன்னா கோவம்? அடிபட்டு கொழுந்தன் தண்ணில வுழுந்தாரு. ஒரு கை வெளங்கல, நீந்த முடியல. பாயி தண்ணில விரிஞ்சி கெடந்துது, அதுல ஒரு ஓரம் கையில சிக்கிச்சி. எங்க வூட்டுக்காரரு பாயோட சேத்து இழுத்துத்தான் மரத்துல போட்டாரு. அப்ப உன் தையல் வுட்டிருந்தா..."

உட்கார்ந்து மீனைத் தரம் பிரிக்க ஆரம்பித்தாள். அவன் தோளை முறித்ததும் அவனைக் கரை சேர்த்ததும் ஒரே தையலா என்று எனக்குப் புரியவில்லை. சந்தோஷப்படுவதா என்றும் தெரியவில்லை.

அடுத்த கோடையில் கொழுந்தனே துணியோடு வந்து நின்றான். கை தோளுக்கு மேல் சரியாக எழவில்லை. "முடியாது" என்றேன். "நீயே தைக்கணும்க்கா. மேல் ஓரத்த மட்டும் வுட்டுடு, அத நாங்க கையால தெச்சிக்கிறோம். காத்து மிஞ்சினா அந்த எடம் வுட்டுக் குடுக்கும்" என்றான். தைத்துக் கொடுத்தேன். ஆனால் போட்டியன்று கடற்கரைக்குப் போகவில்லை. சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அத்தா வந்து, "ரெண்டு பேரும் கரையேறிட்டாங்க" என்றார். அப்புறம்தான் சாப்பிட்டேன்.

எத்தனையாவதாக வந்தார்கள் என்று மறுநாள் அக்கா சொன்னாள்.

"நாலாவது. அதுக்கே ரெண்டு பேருக்கும் தலகால் புரியல."