செத்த அண்ணன் கூட்டத்தில் நின்ற வாரம்

1958 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. விடியலில் பிடித்த மழை விடவில்லை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், கடைவீட்டு மாடியில் எங்கள் வாரப் பத்திரிகை அலுவலகம். ஓவியர் சூசையின் மனைவி தெரேசா நனைந்தபடி படியேறி வந்து, மெழுகுத்துணிப் பொட்டலத்தை என் மேசையில் பிரித்தார். ஒன்பது கட்டங்களில் மூன்றுக்குத்தான் மை போட்டிருந்தது.

"நேத்து ரத்தமா கக்கினாரு சார். காசநோயாம். ஆஸ்பத்திரியில படுக்க வச்சிட்டாங்க."

எங்கள் படக்கதைக்கு எழுத்து நான், படம் சூசை. கதாநாயகன் துறைமுகத் தொழிலாளி மாணிக்கம். அறுபத்தொரு வாரம் தவறாமல் வந்திருந்தது. அச்சில் வரும் படத்துக்குத்தான் சூசைக்குக் கூலி. வேறொருவர் வரைந்தால் அன்றோடு அந்த வீட்டுக்கு வருமானம் இல்லை. பிள்ளைகள் இரண்டு.

முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. "வேற ஆளப் போடுங்க லா. ஓவியனுக்கா பஞ்சம்?"

எங்கள் படக்கதையில் வசனம் படத்துக்குள் இருக்காது. சின்னக் கட்டத்தில் தமிழ் வாக்கியம் அடங்காது. படத்தை மட்டும் துத்தநாகத் தகட்டில் செதுக்கி அச்சுக்கு ப்ளாக் எடுத்து, வசனத்தை அடியில் ஈய எழுத்தில் கோப்போம். பழைய ப்ளாக்குகள் அலமாரியில் கிடந்தன. எண்ணினேன்: நானூற்றுப் பன்னிரண்டு. அடியில் வேறு வசனம் போட்டால் வேறு கதை. முதலாளியிடம் சொன்னேன்.

"ப்ளாக் செலவு மிச்சம். சரி, சூசைக்குக் கூலி குடுக்கிறேன். ஆனா ஒரே ஒரு வாசகன் வந்து இது பழைய படம்னு கேட்டாலும் அன்னைக்கே நிறுத்திடுவேன்."

அதுவரை நான் எழுதியதை சூசை வரைந்தார். இப்போது அவர் என்றோ வரைந்ததற்கு நான் எழுதினேன். ஓடும் படம் கிடைத்தால் மாணிக்கத்தை ஓடவிட்டேன். கட்டுப் போட்ட கை கிடைத்தால், அதற்கு முன் ஓர் அடிதடி வைத்தேன். ஆறு வாரம் ஒருவரும் கேட்கவில்லை. தெரேசா வாராவாரம் வந்து கூலி வாங்கிப் போனார்.

ஏழாவது வாரம் கப்பல் முன்னே கூட்டம் நிற்கும் படம். மாணிக்கத்தின் முகம், சட்டை, மீசை எல்லாம் சரிபார்த்தேன். பின்னால் நின்ற பதினான்கு பேரைப் பார்க்கவில்லை.

பத்திரிகை வந்த மறுநாள் காளிமுத்து என்ற துறைமுகத் தொழிலாளி வேலை உடுப்போடு மாடிக்கு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். மாணிக்கத்தோட அண்ணன் மேல சரக்கு விழுந்து செத்துட்டாருல்ல? அந்த வாரம் எங்க குவாட்டர்ஸ்ல ரெண்டு பேரு சோறே திங்கல. இப்ப இந்தக் கூட்டத்துல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு?"

முதலாளி உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார். "கேட்டாச்சு லா. நிறுத்துங்க."

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது: அண்ணன் சாகவில்லை, பிழைத்துத் திரும்பிவிட்டான் என்று எழுதுவது. அப்படியானால் அது பழைய படம் ஆகாது. முதலாளி ஒரு வாரம் தவணை கொடுத்தார். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் சூசையிடம் சொன்னேன்.

"வேணாண்ணே. அந்தச் சாவ மூணு நாள் அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். சோறு திங்காதவன்கிட்ட போயி, சும்மா சொன்னோம்னா சொல்வீங்க?"

"வீட்டுக்குக் காசு?"

"தெரேசா கான்வென்ட்ல சலவை வேலைக்குக் கேட்டு வச்சிருக்கா. திங்கக்கிழமை போறா. நான் ஒரு படம் தர்றேன். அதோட முடிச்சிடுங்க."

படுக்கையிலேயே பென்சிலால் வரைந்தார். பென்சில் கோடு ப்ளாக்கில் ஏறாது. வீட்டில் தெரேசா அதன்மேல் மை போட்டார். அண்ணனின் கல்லறை. முன்னால் நமக்கு முதுகு காட்டி மாணிக்கம்.

"அடியில என்ன எழுதட்டும்?" என்று சூசையிடம் கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம். ஒரு வாரமாச்சும் சும்மா இருங்கண்ணே," என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

வசனமில்லாமல் முழுப் பக்கமாகப் போட்டோம். பத்திரிகையை அவர் கையில் கொடுத்த பன்னிரண்டாம் நாள் சூசை இறந்தார்.

படக்கதை எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கதாநாயகனை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பின்னால் நிற்பவர்களைப் பாருங்கள். அவர்களில் ஒருவனுக்காகச் சாப்பிடாமல் படுத்தவன் எங்கோ இருக்கிறான்.

அந்தக் கல்லறைப் படத்துக்கு, முடிகிற கதைக்குப் புது ப்ளாக் எதற்கு என்று முதலாளி பணம் தரவில்லை. ஜாலான் புசார் ப்ளாக் கடையில் நானே கட்டினேன். ஒன்பது வெள்ளி அறுபது காசு.